வீக்கம் வற்றிய கால்

ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை என் இடது கணுக்காலை அளந்து கொப்பியில் எழுதுகிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னர் ஒரு தடவை, பின்னேரம் விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவை. கணுவுக்கு மேலே நாலு விரல் தள்ளி, பேனையால் போட்ட புள்ளியின் மேல் தையல் அளவுநாடாவைச் சுற்றவேண்டும். இறுக்கவும் கூடாது, தளர விடவும் கூடாது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் ஏழு வருடமாக எழுதுகிறேன். இரண்டு நாள் எழுதவில்லை. இரண்டு நாளும் காய்ச்சல். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

போன வருடம் வரைக்கும் காலையில் இருபத்துநாலு சென்ரிமீற்றர், பின்னேரம் இருபத்தெட்டு. வலது கால் எந்த நேரத்திலும் இருபத்துமூன்று.

நெடுந்தீவில் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் மீன் நிறுக்கும் கொட்டிலில் எனக்கு வேலை. விடிய ஐந்து மணிக்குப் படகுகள் வரத் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடிதான். சீமெந்து நிலம், அதில் எப்போதும் ஐஸ் கரைந்த தண்ணீர். இளம் வயதில் பட்ட காயத்தில் தொடைக்குள் இருந்த பெரிய நாளம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதனால் மேலே ஏறவேண்டிய இரத்தம் வழியில்லாமல் கணுக்காலிலேயே தேங்கி நிற்கும். நேரம் போகப் போகத் தோல் மினுங்கும், பிறகு கறுக்கும், பிறகு ஒரு நாள் காரணமில்லாமல் வெடிக்கும். அப்படி மூன்று தடவை புண் வந்து, ஒவ்வொன்றும் மாற மாதக்கணக்கானது. மூன்றாவது மாறியபோது கிளினிக் டொக்டர் என் கார்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நாலாவது வந்தா மாறும் எண்டு நான் சொல்லமாட்டன். நிக்கிற வேலையை விடுங்கோ. விடாட்டி முழங்காலுக்குக் கீழை எடுக்கவேண்டி வரலாம்."

இருந்து செய்யும் வேலை எங்கள் தீவில் எத்தனை இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பொருந்தக்கூடியது ஒன்றே ஒன்று. இறங்குதுறையில் ஒரு சிறிய அறை இருக்கிறது. படகில் ஏறுபவர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அங்கே ஒருவர் பதிவார். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பெரிய கொப்பி. அதிலிருந்தவர் ஓய்வு பெறுகிறார் என்றும், அந்த இடம் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும் அறிவித்தல் ஒட்டினார்கள். மருத்துவச் சபை நாற்பது வீதத்துக்குக் குறையாத இயலாமை என்று எழுதித் தந்த கடிதம் வேண்டும். அறிவித்தலை மூன்று தடவை வாசித்தேன். முப்பத்தொன்பது என்றால் கிடைக்காது.

முதலில் விசாரித்தது தம்பியிடம். உடன்பிறந்தவர் அல்ல. என்னோடு இயக்கத்தில் இருந்தவர், என்னிலும் இரண்டு வயது இளையவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வீட்டு வாசலில் பூவரசுக்குக் கீழே சாக்கைப் போட்டு இருந்துகொண்டு படகு எஞ்சின் திருத்துகிறார். மருத்துவச் சபை அவருக்கு அறுபது வீதம் எழுதிக் கொடுத்து வருடங்கள் ஆகின்றன.

"எனக்கு அஞ்சு நிமிசம் கூடச் செல்லேல்லை அண்ணை," என்றார். "காலைக் கழட்டி மேசையிலை வைச்சன். எழுதித் தந்திட்டினம். உங்கடை பிரச்சினை என்னெண்டா, உங்களுக்குக் கால் கிடக்கு."

"கால் கிடக்கிறது பிரச்சினையோ?"

"வெளியாலை பெயின்ற் அடிச்சு வடிவாக் கிடக்கு. உள்ளுக்கை பைப் அடைச்சுப்போச்சு. கழட்டிப் பாக்காமல் ஆருக்குத் தெரியும்? போறதுக்கு மூண்டு நாளைக்கு முதலே பண்டேஜ் சுத்துறதை விடுங்கோ. கொட்டிலிலை நிண்டிட்டு அப்பிடியே போங்கோ. கால் பிலாப்பழம் மாதிரி இருக்கவேணும்."

"அது ஏமாத்து."

"அண்ணை, உங்கடை காலை உள்ளபடி காட்டுறது எப்பிடி ஏமாத்தாகும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் வைத்தியர் சொன்னதற்கு எதிராக நடந்துவிட்டு அந்த வைத்தியர்களிடமே போய் நிற்க மனம் வரவில்லை. ஆறு வருடக் கொப்பி இருக்கிறது, உள்ளதைக் காட்டினால் போதும் என்று அவருக்குச் சொன்னேன்.

விண்ணப்பப் படிவத்தில் எல்லா இடமும் நிரப்பினேன், ஒன்றைத் தவிர. 'இயலாமைக்கான காரணம்' என்று ஒரு கோடு இருந்தது. என் கிளினிக் கார்டில் கல்வேலி சரிந்து காலில் விழுந்தது என்று இருக்கிறது. நான் சொல்லித்தான் அப்படி எழுதினார்கள். எங்கள் தீவில் வளவுகளைச் சுற்றி மதில் உயரத்துக்குக் கல் அடுக்கியிருக்கும். சரிந்து விழுவதும் உண்டுதான். அதனால் ஒருவரும் மேலே கேட்கவில்லை.

உண்மை வேறு. நான் காயப்பட்டு, இயக்கத்தை விட்டு, தீவுக்குத் திரும்பி வந்த காலத்தில் இறங்குதுறையில் ஒரு மேசை போட்டிருக்கும். மேசைக்குப் பின்னால் சீருடைக்காரர் இருப்பார்கள். இறங்கி வருபவர்களின் முகத்தைப் பார்ப்பதைவிட நடையைப் பார்ப்பார்கள். இளம் ஆள் ஒருவன் நொண்டினால் காற்சட்டையைச் சுருட்டச் சொல்வார்கள். தழும்பைக் கண்டால் அன்றைக்கு அவன் வீட்டுக்கு வரமாட்டான். நான் நொண்டாமல் நடக்கப் பழகினேன். அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தோம். மனைவி கிணற்றுக் கட்டில் இருந்து பார்ப்பாள். நான் கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையில் போய்வருவேன்.

"இப்ப இடப்பக்கம் சரியிறியள்." "இப்பக் காலை இழுக்கிறியள்." "கையை ஏன் இறுக்கிப் பிடிக்கிறியள், சும்மா விடுங்கோ."

முதலில் குதிகாலை வைக்கவேண்டும், பிறகு பாரத்தைக் கொடுக்கவேண்டும், வலி வரும் அந்த நேரத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பி எதையோ பார்ப்பதுபோல் இருக்கவேண்டும். பத்தொன்பது நாளில் சரிவந்தது. அதன் பிறகு அந்த மேசையை எத்தனையோ தடவை கடந்து போனேன். ஒரு நாளும் நிறுத்தவில்லை. சண்டை முடிந்து மேசையையும் எடுத்துவிட்டார்கள். நடை மட்டும் என்னோடு நின்றுவிட்டது. சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கக் குடும்பமாகப் போனாலும் நான் நீளக் காற்சட்டையோடு கரையில் இருப்பேன். கடலுக்குப் பயந்த தீவான் என்று மனைவியின் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிடுவேன்.

"உந்தக் கோட்டிலை என்ன எழுதப்போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியேல்லை."

"கார்டிலை உள்ளதையே எழுதுங்கோ. வேலை கேட்டுப் போறம். பழசைக் கிண்டிக் குடுத்தா வேலையும் இல்லை, ஊரிலை கதையும் வரும்."

வெறுமையாகவே விட்டேன். என் வாழ்க்கையில் நான் நிரப்பாமல் கொடுத்த படிவம் அது ஒன்றுதான்.

மருத்துவச் சபை யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில், காலை எட்டு மணிக்கு. தீவிலிருந்து முதல் படகு எடுத்தாலும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. ஆகையால் முதல் நாளே வெளிக்கிட்டு, வேலணையில் மனைவியின் தங்கை வீட்டில் தங்கினோம். தம்பிக்கும் அதே நாளில் புதிய கால் அளவெடுக்க இருந்தது. அவரும் முதல் நாளே யாழ்ப்பாணம் போய்த் தங்கி, நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார்.

தங்கைக்கு என் காலைப் பற்றித் தெரியும், காரணம் தெரியாது. படலையடியிலேயே பையை வாங்கிவிட்டாள்.

"அத்தான், வந்து கட்டிலிலை சாயுங்கோ. படகிலையும் பஸ்ஸிலையும் இருந்து கால் என்ன பாடு பட்டிருக்கும்."

இரண்டு தலையணையைக் காலுக்குக் கீழே வைத்தாள். தேத்தண்ணி கட்டிலுக்கு வந்தது, இடியப்பமும் சொதியும் கட்டிலுக்கு வந்தன. கிளினிக்கில் சொல்லிக் கொடுத்த ஒழுங்குப்படி மனைவி பண்டேஜை விரலில் இருந்து முழங்கால் வரைக்கும் இறுக்கிச் சுற்றிவிட்டாள். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன காரியங்கள். யோசிக்காமல் செய்வோம். பின்னேரம் நாலு மணியிலிருந்து விடிய ஐந்து மணி வரைக்கும் பதின்மூன்று மணித்தியாலம் என் கால் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

விடிய அளந்தேன். இருபத்துமூன்றரை. ஆறு வருடத்தில் அதைவிடக் குறைந்த எண் என் கொப்பியில் இல்லை.

கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தது. பிறகுதான் இன்றைக்கு என்ன நாள் என்பது தலையில் ஏறியது. நாடாவை இன்னொரு தடவை சுற்றினேன். அதே இருபத்துமூன்றரை. வலது காலையும் இடது காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒருவரும் வித்தியாசம் சொல்லமாட்டார்கள்.

"என்னப்பா, ஏன் முகம் ஒரு மாதிரி?" என்று மனைவி கேட்டாள்.

"வீக்கம் வத்திப்போச்சு."

"நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு, அவளும் கட்டிலில் இருந்துவிட்டாள்.

பஸ்ஸில் நின்று போவோம் என்று எண்ணினேன். ஏறின உடனே பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பிள்ளை எழும்பி இடம் தந்தது. வேண்டாம் என்றேன். கொண்டக்ரர் பின்னால் நின்று, "ஐயா இருங்கோ, வழியை மறிக்காதேங்கோ" என்றார். இருந்தேன். பண்ணைப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரியடி வரைக்கும் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மருத்துவச் சபை கூடும் அறைக்கு வெளியே இரண்டு நீள வாங்கு. எங்களுக்கு முன்னே பதினொரு பேர். பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர். ஒருவருக்குக் கை இல்லை, ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவர் நாரியை நிமிர்த்த ஏலாமல் மனைவியின் தோளில் சாய்ந்திருந்தார். எங்கே, எப்போது என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. தம்பி எங்களுக்கு முன்னரே வந்து, எல்லாரோடும் பழகி முடித்திருந்தார்.

கை இல்லாதவர் என்னைப் பார்த்தார். "உமக்கு என்ன?"

"காலிலை நாளம்."

"எந்தக் கால்?"

"இடது."

குனிந்து பார்த்தார். "கிடக்குதே."

"அவருடையது உள்ளுக்கை போனது," என்றார் தம்பி. "சாமான் முழுசாக் கிடக்கு, ஆனா ஸ்ராட் வராது."

வாங்கில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  தம்பி என் காலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, என்ன உது? பிலாப்பழம் எங்கை?"

நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்கள். மனைவியையும் உள்ளே வர விட்டார்கள். ஒரு மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் டொக்டர். வலது பக்கம் இருந்த இளம் டொக்டர் எழும்பி வந்து பண்டேஜைக் கழற்றி இரண்டு காலையும் அளந்தார். "வித்தியாசம் பெரிசா இல்லை," என்று சொன்னார். கறுத்த தோலைப் பார்த்தார், பழைய புண் மாறிய இடத்தைப் பார்த்தார், எழுதினார். கொப்பியை நீட்டினேன். பெண் டொக்டர் நாலைந்து பக்கம் புரட்டினார்.

"நல்ல ஒழுங்கா எழுதியிருக்கிறியள். ஆனா இது நீங்கள் அளந்தது. நாங்கள் அளக்கிறதைத்தான் நாங்கள் எழுதலாம்."

அது நியாயம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"காரணம் எழுதேல்லை. கார்டிலை கல்வேலி சரிஞ்சது எண்டு கிடக்கு. சரியோ?"

"ஓம்," என்றேன்.

"எழும்பி அந்தக் கதவு வரைக்கும் நடந்திட்டு வாங்கோ."

எழும்பினேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கையில் பேனை. என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கும் ஆறு கண்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. உடம்பு தானே செய்தது. குதி, பிறகு பாரம், வலிக்கும்போது யன்னல் பக்கம் ஒரு பார்வை, கை சும்மா தொங்கியபடி. கதவைத் தொட்டுத் திரும்பினேன். திரும்பும்போது மனைவியின் முகத்தைக் கண்டேன். கிணற்றுக் கட்டில் இருந்து பார்த்தவள் அவள். என்ன நடக்கிறது என்று என்னைவிட முதலில் விளங்கியது அவளுக்குத்தான். அவளுடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கும் அந்த இடத்தில் நடையை மாற்ற முடியவில்லை. இனி நொண்டினால் அது நடிப்பாகத் தெரியும். நேராகவே நடந்து வந்து நின்றேன்.

"நடை நல்லாத்தான் இருக்கு," என்றார் இளம் டொக்டர்.

மூன்று பேரும் மெதுவாகக் கதைத்தார்கள். பெண் டொக்டர் சொன்னார். "இருபது வீதம் வரும். கடிதம் பின்னேரம் எடுக்கலாம்."

வெளியே வந்து வாங்கில் இருந்தேன். பண்டேஜைத் திரும்பச் சுற்றவேண்டும் என்ற நினைப்பு வந்தது, கை வரவில்லை. தராசும் ஐஸ் தண்ணீரும் கண்ணுக்கு முன்னால் நின்றன. நாளைக்கு மறுநாள் ஐந்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும்.

"எத்தினை?" என்றார் தம்பி.

"இருபது."

"நடக்கச் சொன்னவையோ?"

"ஓம்."

"எப்பிடி நடந்தனீங்கள்?"

 மனைவிதான் சொன்னாள். "இறங்குதுறையிலை நடக்கிற மாதிரி."

தம்பி வாங்கில் என் பக்கம் திரும்பி இருந்தார். பகிடி வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "அண்ணை, நீங்கள் டொக்டர்மாருக்கு நடந்து காட்டேல்லை. இன்னும் உவங்களுக்குத்தான் நடந்து காட்டுறியள். அவங்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். உள்ளுக்கை போய்ச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது?"

"உள்ளதைச் சொன்னாப் போதும் எண்டு எனக்குச் சொன்னது நீங்கள்தானே."

மனைவியைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் சேலைத் தலைப்பின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலை எடுத்தாப் பிறகு ஊரிலை கதை வந்தால் என்ன, வராட்டி என்ன," என்றாள்.

பத்தேகாலுக்கு அவர்கள் தேத்தண்ணிக்கு எழும்பினார்கள். பெண் டொக்டர் கதவடியில் வந்தபோது எழும்பி மறித்தேன். நான் யாரையும் மறித்துக் கதைப்பவன் அல்ல. சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒழுங்கு பண்ணியிருந்தேன், வாயைத் திறந்தபோது ஒழுங்கு போய்விட்டது. கல்வேலி இல்லை என்றேன். இருபத்தொரு வயதில் பட்ட காயம், துண்டுகள் இன்னும் தொடைக்குள் இருக்கின்றன என்றேன். நொண்டாமல் நடக்க ஏன் பழகினேன் என்று சொன்னேன். நேற்றுப் பின்னேரத்திலிருந்து தலையணை மேல் காலை வைத்திருந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உள்ளுக்கை ஏன் சொல்லேல்லை?"

"ஒரு இடத்திலையும் சொன்னதில்லை, டொக்டர்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குத் திரும்ப வாங்கோ. பண்டேஜ் சுத்தாதேங்கோ. அதுவரைக்கும் இருக்காதேங்கோ, படுக்காதேங்கோ. நில்லுங்கோ. கால் என்ன செய்யுதெண்டு நானே அளந்து பாக்கிறன். ஏலாமல் போனால் உடனே இருந்திடவேணும், விளங்குதோ? உந்தக் காலிலை விளையாட ஏலாது."

பத்தரைக்கு நிற்கத் தொடங்கினேன். சுவரில் சாயவில்லை. சாய்ந்தால் பாரம் வலது காலுக்குப் போய்விடும். முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் தெரியவில்லை. பதினொன்றுக்கு அளந்தேன், இருபத்துநாலு. பதினொன்றரைக்கு இருபத்துநாலேமுக்கால். கொட்டிலில் இப்படி ஏறினால் பயப்படுவேன். இங்கே அரைச் சென்ரிமீற்றராவது ஏறவில்லை என்றால் பயமாக இருந்தது. ஏறினாலும் பயமாக இருந்தது. எதற்காகப் பயப்படுகிறேன் என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் நாடாவைப் பிரித்தேன்.

வாசலில் நின்ற ஊழியர் ஒருவர் இரண்டு தடவை வந்தார். "ஐயா, வாங்கு சும்மாதானே கிடக்கு, இருங்கோவன்."

"பரவாயில்லை."

"அவருக்கு நேர்த்திக்கடன்," என்றார் தம்பி.

பன்னிரண்டரைக்கு இருபத்தேழு. தோல் மினுங்கத் தொடங்கியது. எனக்கு முன்னால் நின்ற மனைவி என் பக்கத்துக்கு வந்து நின்றாள். காலைப் பார்க்காமல் இருப்பதற்காக என்று நினைக்கிறேன். அவளும் இருக்கவில்லை. நீர் இரும் என்றேன், கேட்கவில்லை. ஒரு மணிக்குக் கால் ஈயம் கட்டியதுபோல் இருந்தது. பாதம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்றரைக்கு அளக்கக் குனிந்தபோது நாடாவின் கரை நனைந்திருப்பதைக் கண்டேன். பழைய புண் மாறிய இடத்தில், ஊசி முனை அளவில், தெளிந்த நீர் கசிந்துகொண்டிருந்தது.

அது எனக்குத் தெரிந்த நீர். அது வந்து மூன்றாம் நாள் தோல் வெடிக்கும்.

"இருங்கோ," என்றாள் மனைவி. "காணும். இப்ப இருங்கோ."

இன்னும் முப்பது நிமிடம் இருந்தது. வாங்கில் இருந்தால் வீக்கம் கொஞ்சம் இறங்கும். நின்றால் நாலாவது புண். நாலாவது புண்ணைப் பற்றிக் கிளினிக் டொக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருந்தது. நாற்பது கிடைக்காமல் புண்ணும் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்க முடியவில்லை. நின்றேன். நின்றது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டு மணிக்குப் பெண் டொக்டர் தானே குனிந்து அளந்தார். இருபத்தொன்பது. எண்ணை இளம் டொக்டரிடம் உரத்துச் சொன்னார். கசிந்த இடத்தைத் துணியால் ஒற்றிப் பார்த்தார். பிறகு கதவைக் காட்டினார்.

"இப்ப உங்கடை நடையை நடவுங்கோ."

என் நடை எது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு அடியும் நேராகத்தான் வந்தது. நின்றேன். மூன்றாவது அடியில் குதியை வைக்காமல் கால் எப்படி விழுகிறதோ அப்படி விட்டேன். இடுப்பு இடப்பக்கம் சரிந்தது, தோள் சேர்ந்து போனது. என் வீட்டுக்குள்கூட நான் அப்படி நடந்ததில்லை. உடுப்பில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, அப்படியே சரிந்து சரிந்து திரும்பி வந்தேன். மனைவி சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் டொக்டர் இருபதை வெட்டினார். நாற்பத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். காரணம் என்ற கோட்டில் 'உலோகத் துண்டுக் காயம்' என்று மூன்று சொல் எழுதினார். யாருடைய உலோகம், எந்த இடத்தில் என்று கேட்கவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினார். அதை வெளியே வந்துதான் வாசித்தேன். 'ஒரு வருடத்தின் பின் மீள்பரிசோதனை.'

புண் மூன்றாம் நாள் வெடித்தது. கட்டிலில் கிடந்து பதினொரு கிழமை மருந்து கட்டினேன். கிளினிக் டொக்டர் என்னோடு கோபமாக இருந்தார், ஆனாலும் காலை எடுக்கவில்லை. புண் மாறி மூன்றாவது திங்கட்கிழமை இறங்குதுறை அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மூன்று சொல்லை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. கடிதத்தை வாங்கியவர் எண்ணை மட்டும் பார்த்தார்.

மேசைக்குக் கீழே மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் காலை வைத்துக்கொண்டு பெயர் பதிகிறேன். மாதங்கள் போகப் போகக் கொப்பியில் எண் குறைந்தது. பின்னேரத்தில் இருபத்தேழு, இருபத்தாறு, போன கிழமை இருபத்தைந்து. மேலே கறுத்திருந்த தோலும் கொஞ்சம் வெளிக்கிறது. கிளினிக்கில் மருந்து கட்டும் மிஸ் மற்ற நோயாளிகளுக்கு என் காலைக் காட்டி, கால் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்கிறார். மீள்பரிசோதனைக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. நல்ல காலோடு போனால் வீதம் குறையுமா என்று மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன். சபை பார்த்துச் சொல்லும் என்றே மூன்று இடத்திலும் சொன்னார்கள். குறைந்தால் இந்த இடம் போகும். இந்த இடம் போனால் திரும்பவும் தராசு.

முந்தநாள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு மணித்தியாலம் நின்றபோது இருபத்தேழு. தோல் மினுங்கியது, கசியவில்லை. மூன்று மணித்தியாலத்தில் கசிந்தது. அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. அதற்குள் எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மீள்பரிசோதனை அன்று பயமில்லாமல் நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை வளவுக்குள் நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து பார்க்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

குசினி வாசலில் நின்று கேட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"நில்லுங்கோ," என்றாள். "நானும் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னாலை நிப்பன். நாடாவை என்னட்டைத் தாங்கோ. எப்ப இருக்கிறதெண்டு நான்தான் சொல்லுவன்."

நாடாவைக் கொடுத்தேன்.